அழித்து வரைந்த வேலி

ஆகஸ்ட் விடுமுறை விட்ட அன்று ஸல்ஹா வீட்டுக்குள் இருக்கத் தொடங்கி நூற்று மூன்று நாளாகியிருந்தது. இன்னும் இருபத்தேழு நாள் கிடந்தது. கணவனை இழந்த பெண் கிண்ணியாவில் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். அவசரத் தேவை இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டாள், பிற ஆண்களுக்கு முன்னால் வரமாட்டாள். ஸல்ஹாவை யாரும் பிடித்து இருத்தவில்லை. அவளாகத்தான் இருந்தாள். ஸஹாப்தீனுக்கு என்று இனிச் செய்வதற்கு அவளிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஸஹாப்தீன் மேசன். நிலாவெளியில் ஒரு விடுதியின் மூன்றாம் மாடிக்கு வெளிப்பூச்சுப் பூசிக்கொண்டிருந்தபோது நின்ற பலகை சரிந்துவிட்டது. கூட வேலை செய்த உப்புவெளிக்காரர் குலசிங்கம்தான் அவரை ஆட்டோவில் ஏற்றி மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். போய்ச் சேரும்போது உயிர் இல்லை. நாற்பத்தொரு வயது. வீட்டில் மிஞ்சியது ஸல்ஹா, நாலு வயது அம்னா, சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த சின்னவள்.

ஸல்ஹா எட்டு வருடம் பிறர் நடத்திய பாலர் பாடசாலை ஒன்றில் உதவி ஆசிரியையாக இருந்தவள். இத்தா இருக்கப் போனதும் அங்கே வேறொருத்தியைப் பிடித்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாலு மாதம் காத்திருக்க முடியாது. அவளுக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை முடக்குக் காணி ஒன்றுதான். ஆரம்பப் பாடசாலைக்குப் பக்கத்தில், வீதி திரும்பும் முடக்கில் கிடந்த பதினாறு பேர்ச் நிலம். ஸஹாப்தீனின் வாப்பா மௌத்தாகுமுன் முன்பாதி மூத்தவனுக்கு, பின்பாதி இளையவன் அன்ஸாருக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். காணி உறுதிப் பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான். முன்பாதியில் ஸஹாப்தீன் இரண்டு வருட வெள்ளிக்கிழமைகளைச் செலவழித்து, தன் கையாலேயே ஒரு பெரிய அறைக்கு அத்திவாரம் போட்டு வைத்திருந்தார். ஸல்ஹாவின் பாலர் பாடசாலைக்கு. பெரிய பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து விடும் தாய்மார், சின்னதுகளை அப்படியே பக்கத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த இடத்தின் பெறுமதி அதுதான். இத்தா முடிந்ததும் அத்திவாரத்தின் மேல் தகரக் கொட்டிலாவது போட்டு, ஜனவரியில் தொடங்குவது என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் தங்கையிடம் விட்டுவிட்டு, மத்திய கிழக்கில் யாருடைய வீட்டையாவது கூட்டத்தான் போகவேண்டும். அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எழும்பிப் போய்ச் சின்னவளைத் தூக்கிக்கொள்வாள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அடுத்த நாள் அன்ஸார் வந்து வாசல் திரைச்சீலைக்கு வெளியே நின்றான். பக்கத்து வீட்டுப் பரீதா அப்போது உள்ளே குசினியில் கறிச்சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, முடக்குக் காணிக்குள்ள மாடு பூந்து படுக்குது. கம்பியெல்லாம் அறுந்து கிடக்கு. அடைக்கட்டா?"

"ஓம் தம்பி, அடைங்க," என்றாள் ஸல்ஹா. அன்று அவளுக்குக் காய்ச்சல். அவன் கேட்டானே என்று மனதுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

விடுமுறை வகுப்பைத் தொடக்கியது பரீதாதான். அவளுக்கு இரண்டு பெண்களும் பஹ்மி என்று ஏழு வயதில் ஒருவனும். பாடசாலை விட்ட மறுநாளே மூன்றையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஸல்ஹா, எனக்குப் பைத்தியம் புடிக்கப் போகுது. எழும்பினா ஃபோன், தின்னும்போது ஃபோன். நீங்க வீட்டுக்குள்ளதானே இருக்கீங்க. என்னவாவது படிச்சிக் குடுங்களேன்."

"லீவிலயும் படிப்பா? பாவம்."

"படிப்பு வேணாம். ரெண்டு மணித்தியாலம் சத்தம் போடாம இருந்தாக் காணும்."

இரண்டு நாளில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். அநேகர் முதலாம், இரண்டாம் வகுப்பு. ஆறு பேர் அதே ஒழுங்கைக்காரர். ஏழாவது றிஷானா, முடக்குக்கு அப்பால் இருந்து வாப்பாவின் சைக்கிளில் வருவாள். இரட்டைப் பின்னல், மெல்லிய குரல், எதையும் ஒரு தரம்தான் சொல்லுவாள்.

கணக்கும் எழுத்தும் வேண்டாம் என்று ஸல்ஹா முடிவெடுத்தாள். சுற்றாடல் பாடத்தை விளையாட்டாகச் செய்வோம். முதல் நாள் ‘எங்கட வீடு’. வீட்டில் யார் யார், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும்.

"எங்கட வாப்பா நித்திர கொள்ளுவாரு," என்றான் பஹ்மி.

"வேற?"

"எழும்பி, ஏன் எழுப்பின எண்டு ஏசுவாரு."

குசினியில் இருந்த பரீதாவுக்கு அது கேட்டுவிட்டது. "வா, வீட்ட வா, உன்ன வெச்சிக்கிறன்," என்று சத்தம் போட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஸல்ஹாவும் சிரித்தாள். சிரித்த பிறகு, மூன்று மாதத்துக்குப் பின் சிரிக்கிறோம் என்று பட்டது. வாயைத் துடைப்பதுபோல் முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் குசினிச் சாமான்களைப் பாயில் பரப்பி, எது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். நெல் தம்பலகாமத்தில் இருந்து, கருவாடு மூதூரில் இருந்து, பருப்பு கப்பலில். "கப்பலுக்குள்ள பருப்பு மரம் இருக்கா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அம்னாவும் பெரிய பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு வெங்காயத்தைக் காட்டி, "இது வாப்பா கொண்டு வந்த," என்றாள். அது பரீதா வாங்கி வந்த வெங்காயம். ஸல்ஹா திருத்தவில்லை.

நாலாம் நாள் பஹ்மி கையை உயர்த்தினான்.

"டீச்சர், உங்கள ஆராவது வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டின?"

"இல்லையே. ஏன்?"

"அப்ப ஏன் ரோட்டுக்கு வாறல்ல? உங்களுக்கு ரோடு மறந்து போகாதா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் வழி கீறும் வேலை வந்தது. "ஓம், மறந்துதான் போகுது. நீங்க கீறித் தாங்க," என்றாள். அவரவர் வீட்டிலிருந்து டீச்சர் வீட்டுக்கு வரும் வழியை ஒவ்வொருவரும் கீறவேண்டும். வழியில் இருக்கும் கடை, மரம், மதில், கிணறு எல்லாம். ஒரு சட்டமும் போட்டாள்: "கண்டத மட்டும் கீறணும். நெஞ்சுக்குள்ள இருக்கிறதக் கீறக் கூடாது. போகக்குள்ளயும் வரக்குள்ளயும் நல்லாப் பாருங்க."

அடுத்த நாள் ஏழு தாள்களும் வந்தன. பழைய கலண்டரின் பின்பக்கங்களை ஒட்டி, ஏழு தாள்களையும் அதன் மேல் பொருத்தி, விறாந்தைச் சுவரில் மாட்டினாள். பிள்ளைகள் போன பிறகு அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒழுங்கை முழுக்க இருந்தது. பேக்கரி, அதன் வாசலில் நாய்க்கு நாலுக்குப் பதில் ஆறு கால். தண்ணீர்த் தாங்கி. மூடிக் கிடந்த தையல் கடை இப்போது ஃபோன் கடையாகியிருந்தது. அது அவளுக்குப் புதுச் செய்தி. விரலை வைத்து ஒழுங்கையால் நடந்து, வீதிக்கு ஏறி, பள்ளிவாசலைக் கடந்து போனாள். முடக்கில் விரல் நின்றது.

றிஷானாவின் தாளில், முடக்குக் காணி இருக்கவேண்டிய இடத்தில், சிவப்புப் பென்சிலால் கல் கல்லாக அடுக்கி ஒரு மதில்.

காலையில் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "இது என்ன புள்ள?"

"மதில்."

"இந்த இடத்தில மதில் இல்லையே. கம்பி வேலி இருக்கு. உள்ளுக்கு ஒரு பூவரச மரம். நீங்க பள்ளிக்கூடத்து மதில இடம் மாத்திக் கீறிட்டீங்க."

"இல்ல டீச்சர். மதில்."

"பள்ளிக்கூடத்து மதில் இதுக்கு அங்கால. எனக்குத் தெரியும்தானே. அது எங்கட காணி."

ஸல்ஹா அழிறப்பரை எடுத்து மதிலை அழித்தாள். சிவப்புப் பென்சில் இலகுவில் போகாது. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் தாள் பஞ்சாகியது. அதன்மேல் நாலு கட்டை, மூன்று கம்பி, ஒரு மரம் போட்டுக் கொடுத்தாள். "இப்பிடித்தான். சரியா?" பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் பிழை என்று சொன்னது வெட்கமாக்கும் என்று ஸல்ஹா நினைத்தாள். ஒரு டொஃபி கொடுத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் றிஷானா வரவில்லை. மூன்றாம் நாள் வந்து ஒன்றும் நடவாததுபோலத் தன் இடத்தில் இருந்தாள்.

பிறகு ஒரு வாரம் நன்றாகவே போனது. கடைசி வாரத்துக்கு ‘எங்களுக்கு உதவுறவங்க’. ஒவ்வொரு பிள்ளையும் வேலை செய்யும் ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேட்டுக்கொண்டு வரவேண்டும்: பெயர் என்ன, என்ன வேலை, வேலைச் சாமான் என்ன. பஹ்மி மீன்காரரைப் பிடித்திருந்தான். மூன்றாம் கேள்விக்கு அவர், "வாய்தான்டா மகன், கத்தாட்டி ஒண்டும் விக்காது," என்றிருந்தார். ஒருத்தி தபால்காரரை. றிஷானா எழுந்து நின்று கொப்பியைப் பார்த்து வாசித்தாள்.

"பேர் குலசிங்கம். ஊர் உப்புவெளி. மேசன் வேல. சாமான் சாந்தகப்பை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, நூல்."

ஸல்ஹாவுக்கு முகம் மலர்ந்தது. "குலசிங்கம் அண்ணனா? அவர எங்க கண்ட? அவர் எங்கட ஆளாச்சே."

"ஓம், அவரும் சொன்னவர். டீச்சருக்குச் சொல்லச் சொல்லி ஒண்டு சொன்னவர்." கொப்பியில் எழுதாததால் கண்ணை மேலே உருட்டி நினைவுபடுத்தினாள். "அத்திவாரம் ஸஹாப்தீன் போட்டதாம். நல்ல கட்டாம். எவ்வளவு மதில் எழுப்பினாலும் அசையாதாம்."

குசினியில் பால் பொங்கி அடுப்பில் வடிந்தது. பரீதாவின் மூத்த மகள் ஓடிப் போய் அணைத்தாள்.

"என்ன மதில் புள்ள?" ஸல்ஹாவின் குரல் கீழே போயிருந்தது.

"முடக்கில. கட கட்டுறாங்கதானே, அன்ஸார் நானா." பிறகு, குற்றம் சாட்டுவதுபோல இல்லாமல், நடந்ததை நினைவூட்டுவதுபோல, "நான் கீறினன் டீச்சர். நீங்க அழிச்சிட்டீங்க."

ஏழு பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தன. ஸல்ஹா பாயில் இறங்கி, றிஷானாவுக்கு நேரே இருந்தாள். "நான்தான் பிழை புள்ள. நீங்க கண்டதைத்தான் கீறியிருக்கீங்க. இப்ப என்ன இருக்கு அங்க? எனக்குச் சொல்லுங்க."

"நாலு பக்கமும் மதில். ரெண்டு ஜன்னல். முன்னால பெரிய வாசல், லொறி பூர அளவு. மரம் இல்ல."

அழித்து வரைந்த நாளில் இருந்து பன்னிரண்டு நாள் ஓடியிருந்தது. அன்று பார்த்திருந்தால் இடுப்பளவு மதில். அன்று ஒரு ஆளை அனுப்பி நிறுத்தியிருக்கலாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சுவர்ப் படத்தைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டாள்.

பரீதாவுக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நான் நினைச்ச. ஊருக்கே அப்பிடித்தான் நினைப்பு. நீங்கதானே அவனுக்கு ஓம் எண்டு சொன்ன? நானும் குசினிக்குள்ள நிண்டு கேட்டனே."

"நான் வேலி அடைக்கத்தானே பரீதா சொன்ன."

பின்னேரம் ஸல்ஹா அன்ஸாரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் வந்து திரைச்சீலைக்கு வெளியே கதிரையில் இருந்தான். அன்ஸார் கெட்டவன் என்று ஊரில் பெயர் எடுத்தவனல்ல. கட்டாரில் ஒன்பது வருடம் இருந்து, கம்பனி மூடி, வெறுங்கையோடு திரும்பியவன். மூன்று பெண் பிள்ளைகள். இந்த ஊரில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடுதான் கொடுக்கவேண்டும்; மூன்று பெண் என்றால் மூன்று வீடு. ஸல்ஹா இருக்கும் வீடும் அவளுடைய வாப்பா அப்படிக் கட்டிக் கொடுத்ததுதான்.

"முடக்கில என்ன தம்பி செய்றீங்க?"

"உங்களிட்டக் கேட்டுத்தானே மதினி செய்தன். அடைக்கட்டா எண்டு கேட்டன். ஓம், அடைங்க எண்டீங்க."

"வேலி அடைக்கத்தான் சொன்ன."

"அடைக்கிறதெண்டா அடைக்கிறதுதான். மாடு பூராம மதிலால அடைச்சன்."

"மதிலுக்கு ஜன்னல் என்னத்துக்கு தம்பி?"

அம்னா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, "சாச்சா!" என்று அவனிடம் ஓடினாள். அவன் அவளைத் தூக்கி மடியில் இருத்திய சத்தம் கேட்டது.

"மதினி, ஸஹாப்தீன் காக்கா இருந்தா நான் கேப்பனா? காக்கா இல்ல. அவருக்கு ஆம்புளப் புள்ளையும் இல்ல. வாப்பாட காணியில எனக்கும் பங்கு இருக்கு, காக்காட பங்கிலயும் எனக்குக் கொஞ்சம் வரும், மார்க்கப்படி. நான் கள்ளம் செய்யல்ல. ஹார்ட்வெயார் சாமான் போடப் போறன். உங்கட புள்ளைகளையும் நான்தானே பார்க்கணும்."

"கொஞ்சம் வரும். முழுக்க வராது."

"இத்தா முடியட்டும். அப்புறம் கதைப்பம்." அவன் எழுந்தான். இதுதான் அவன் கைவசம் வைத்திருந்த சொல். இத்தா முடியும்போது கூரை ஓடும் போட்டாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூதூரில் இருக்கும் தங்கை ரிஸ்லாவுக்கு அன்று இரவே ஃபோன் போட்டாள். ரிஸ்லா கோபக்காரி. "நீ என்னத்துக்கு ராத்தா உள்ளுக்கு இருந்து அழுற? போ, போய் நில்லு அதுக்குள்ள. தேவைக்குப் பகல்ல போகலாம் எண்டு மௌலவி பொண்டாட்டியே எனக்குச் சொன்னவ. நான் விடிய வாறன்."

ரிஸ்லா முதல் பஸ்ஸில் வந்தாள். ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். நூற்றிருபத்திரண்டு நாளுக்குப் பிறகு வெயில் ஸல்ஹாவின் கையில் பட்டது. பேக்கரி வாசலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது என்பது வேறு. இத்தாவில் இருப்பவள் ஆட்டோவில் போவதைக் கண்டவர்களின் வாய் வேறு.

முடக்கில் பூவரச மரம் நின்ற இடத்தில் மணல் கொட்டிக் கிடந்தது. மதில்கள் எழும்பி, மேலே கூரைக்கான தீராந்தி மரம் ஏற்றியாகிவிட்டது. குலசிங்கம் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சிரித்துக்கொண்டே இறங்கினார். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன தங்கச்சி? பிள்ளை சொல்லேல்லையோ?"

"சொன்ன அண்ணன். அதான் வந்த."

"நீங்கள் சொல்லித்தான் கட்டுறதெண்டவர் அன்ஸார். ஸஹாப்தீன்ர அத்திவாரம் சும்மா கிடக்காமல் அவன்ர குடும்பத்துக்குத்தானே எண்டு நானும் சந்தோசமா வந்தனான்." அவர் சாந்தகப்பையைச் சாந்துத் தொட்டிக்குள் குத்தி வைத்தார். "இனி நான் ஒரு கல்லும் வைக்கமாட்டன். ஆனா பிள்ளை, வைச்சதை என்னாலை எடுக்க ஏலாது."

ஸல்ஹா அறைக்குள் போனாள். அவள் நினைத்திருந்த அதே அளவு அறை. இந்த மூலையில் பாய், அந்த மூலையில் கைகழுவ ஒரு குழாய் என்று ஸஹாப்தீன் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டியது நினைவிருந்தது. இப்போது அந்த மூலையில் சீமெந்துப் பைக்கற்றுகள். அவள் அழவில்லை. எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், நின்றால் என்ன ஆகும் என்று தெரியாமல் நின்றாள். பதினொரு மணிக்குச் சின்னவளுக்குப் பால் கொடுக்கவேண்டும். திரும்பிவிட்டாள்.

குலசிங்கம் அன்றைக்கே சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாளில் வேறொரு மேசன் வந்தான். ஓடு ஏறியது.

இத்தா முடிந்து மூன்றாம் நாள் பள்ளிவாசல் நிர்வாகத்தார் இரு பக்கத்தையும் கூப்பிட்டார்கள். நிர்வாகத்தார் அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தார்கள். பெண்களுக்கு அறையின் ஒரு பக்கத்தில் கதிரை போட்டிருந்தது. போகுமுன் வீட்டில் ரிஸ்லா அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

"ஓம் எண்டு சொன்னதா அவன் சொல்லுவான். நீ இல்ல எண்டு சொல்லு. ஒண்டும் கேக்கவும் இல்ல, ஒண்டும் சொல்லவும் இல்ல. அவ்வளவுதான்."

"பரீதா கேட்டிருக்காளே."

பரீதா அங்கேதான் இருந்தாள். "எனக்குக் காது மந்தம்," என்றாள். "ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன். குசினிக்குள்ள கறி கொதிச்சிக்கிட்டு இருந்த."

ஸல்ஹா பொய் சொல்லத் தெரியாதவளல்ல. இத்தாவின் இரண்டாம் மாதம் கடன்காரன் ஒருவன் வந்து நின்றபோது, வீட்டில் ஆள் இல்லை என்று அம்னாவை விட்டே சொல்ல வைத்தவள். அன்றைக்கும் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

நிர்வாகச் செயலாளர் வயதானவர், அமைதியானவர். அன்ஸார் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டார். "மகள், அடைக்கச் சொன்னீங்களா?"

"ஓம். சொன்ன. வேலியத்தான் சொன்ன."

‘ஓம்’ மட்டும்தான் அறையில் நின்றது. ரிஸ்லா பக்கத்தில் நீண்ட மூச்சொன்று விட்டாள்.

அதற்குப் பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது. வழக்குப் போடலாம், திருகோணமலைக் கோட்டுக்கு. உறுதி செத்தவர் பெயரில், பிரிபடாத காணி. எத்தனை வருடம் போகும் என்று அவர்களும் சொல்லமாட்டார்கள். கட்டின கட்டடத்தை இடிக்கச் சொல்வது நியாயமில்லை. ஸஹாப்தீனின் பெண் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டு, அதை அன்ஸாரும் மறுக்கவில்லை. ஆகவே முன்பாதி அன்ஸாருக்கு, பின்பாதி ஸல்ஹாவுக்கு. பின்னால் போக மூன்று அடிப் பாதை.

"மூண்டு அடியில ரெண்டு புள்ள சேர்ந்து நடக்க ஏலா," என்றாள் ஸல்ஹா. அந்த அறையில் யாரும் கேட்காமல் அவளாகப் பேசிய ஒரே வசனம். "ஆறு அடி வேணும். ஆட்டோ வரணும்."

அன்ஸார் தலையைக் குனிந்தபடி யோசித்தான். "நாலு தாறன் மதினி. அதுக்கு மேல என்ட சுவர்."

நாலு என்று எழுதினார்கள். ஸல்ஹா கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரிஸ்லா ஏசிக்கொண்டே வந்தாள். "ஒரு சொல் மாத்திச் சொல்லியிருந்தா முன்பாதி வந்திருக்கும். பொய் சொல்றதுக்கும் உனக்குப் பழக்கம் இல்லாம இல்ல. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"வந்திருக்குமோ தெரியா," என்றாள் ஸல்ஹா. "அவர் கேட்ட மாதிரிக்கு வாய் தானா சொல்லிட்டு."

ஒக்டோபரில் குலசிங்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, கூலி வேண்டாம் என்று சொல்லி, பின்காணியில் தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்தார். பின்காணி பள்ளம். மணல் நாலு லோடு கொட்டியும் நிரம்பவில்லை. முன்னால் அன்ஸாரின் கடை திறந்தது. வாசலில் குழாய்களும் பெயின்ட் வாளிகளும் அடுக்கியிருந்தன. பாலர் பாடசாலைப் பலகையை வீதியில் மாட்ட இடமில்லாமல், அன்ஸாரின் அனுமதியோடு அவனுடைய கடைச் சுவரின் பக்கவாட்டில் மாட்டினாள். அவன் ஆணியும் கொடுத்தான்.

பதினொரு பிள்ளைகளுக்குப் பெயர் பதிந்திருந்தது. ஜனவரியில் தொடங்கிய அன்று விடியற்காலம் முதல் மழை. வாடைக் காலத்து மழை நின்று பெய்தது. எட்டு மணிக்கு ஸல்ஹா முடக்குக்கு வந்தபோது கடையின் கூரைத் தண்ணீர் முழுவதும் நாலடிப் பாதைக்குள்தான் கொட்டிக்கொண்டிருந்தது. கூரைத் தண்ணீரை வடிக்கப் பீலி போடவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் சுவர். தண்ணீர் போக வழி இல்லை. முழங்காலுக்கு நின்றது.

தாய்மார் குடையோடு வந்து, பாதையைப் பார்த்து, நின்றார்கள். ஒருத்தி, "டீச்சர், நாளைக்குக் கொண்டு வாறனே," என்று திரும்பினாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமலே திரும்பினாள். எட்டரை ஆனபோது மூன்று பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள், அதில் ஒன்று அம்னா. அன்ஸார் கடைக்குள் இருந்து எட்டிப் பார்த்தான். "மதினி, மழை விடும்வரைக்கும் புள்ளைகள இங்க இருக்க விடுங்க," என்று ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டான்.

"வேணாம் தம்பி," என்றாள்.

செருப்பைக் கழற்றிச் சுவர்க் கரையில் வைத்தாள். அபாயாவை முழங்காலுக்கு மேல் சேர்த்துப் பிடித்து முடிந்தாள். எல்லாரிலும் சின்னப் பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். அது அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"மத்த ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. ஒராள் ஒராளாத்தான்," என்று சொல்லிவிட்டு, சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.